வீட்டுக்குள் வந்த தெரு

இரவு மணி 10. வாசல் கதவைத் தாழிட்டாயிற்று. கொல்லைக் கதவையும் பூட்டியாயிற்று.

"பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்களா?" என்று தந்தை கேட்கிறார்.

"எல்லாரும் வீட்டில்தான் இருக்கிறார்கள்" என்கிறாள் தாய்.

இருவரும் நிம்மதியாகப் படுக்கிறார்கள்.

கூடத்து மூலையில், ஒரு போர்வைக்குள் சிறு வெளிச்சம் தெரிகிறது. எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இன்னும் தூங்கவில்லை. கையில் செல்போன் இருக்கிறது. "சாப்பிட்டாயா? ஏன் இன்னும் விழித்திருக்கிறாய்?" என்று யாரோ அன்பாக விசாரிக்கிறார்கள். பிள்ளை பதில் எழுதுகிறது.

விசாரிப்பவர் யார்? எந்த ஊர்? வயது என்ன? பிள்ளைக்குத் தெரியாது. அப்படி ஒருவர் இருப்பதே பெற்றோருக்குத் தெரியாது.

கதவு பூட்டித்தான் இருக்கிறது. ஆனால், தெரு வீட்டுக்குள் வந்துவிட்டது!

இது எந்த ஊர் வீடு என்று கேட்க வேண்டியதில்லை. மதுரையிலும் உண்டு, மாயவரத்திலும் உண்டு. மாடி வீட்டிலும் உண்டு; ஓட்டு வீட்டிலும் உண்டு.

முன்பெல்லாம் பிள்ளை வெளியே கிளம்பினால் பெற்றோர் நாலு கேள்வி கேட்பார்கள். "எங்கே போகிறாய்? யாரோடு போகிறாய்? எப்போது வருவாய்?" என்பார்கள். "விளக்கு வைப்பதற்குள் வீடு வந்து சேர்" என்று சொல்லி அனுப்புவார்கள். "முன்பின் தெரியாதவர் எதைக் கொடுத்தாலும் வாங்காதே" என்று எச்சரிப்பார்கள்.

இதற்குச் சந்தேகம் என்று பெயர் இல்லை. அக்கறை என்று பெயர்.

அதே கேள்விகளைச் செல்போனுக்கும் கேட்க வேண்டிய காலம் இது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், யூடியூப் எல்லாமே தெருக்கள்தான். அங்கே நல்லவர்களும் நடக்கிறார்கள், கெட்டவர்களும் நடக்கிறார்கள். பிள்ளையைத் தெருவுக்கே அனுப்பாமல் வளர்க்க முடியாது. நடுச்சாமத்தில் தனியாக அனுப்பவும் கூடாது.

செல்போன் வந்த கதை

2004ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மார்க் ஜுக்கர்பெர்க் என்ற மாணவர், நண்பர்கள் சிலருடன் சேர்ந்து பேஸ்புக்கைத் தொடங்கினார். அதே ஆண்டில் ஆர்குட் என்பதும் வந்தது. நம் நாட்டு இளைஞர்கள் பலர் முதலில் பழகியது ஆர்குட்டில்தான். 2014ஆம் ஆண்டு அது மூடப்பட்டது.

அந்த நாளில் இதற்கெல்லாம் கம்ப்யூட்டர் வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் பிரவுசிங் சென்டருக்குப் போவார்கள். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்காருவார்கள். பையன் அங்கே போனால் நாலு பேர் கண்ணில் படும். வீட்டுக்கும் சேதி வந்துவிடும்.

2010ஆம் ஆண்டு இன்ஸ்டாகிராம் வந்தது. அது செல்போனுக்கென்றே செய்யப்பட்டது. 2016ஆம் ஆண்டுக்குப் பிறகு நம் நாட்டில் இண்டர்நெட் கட்டணம் வெகுவாகக் குறைந்தது.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் செல்போனில் வந்தது. கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் செல்போன் வாங்கிக் கொடுத்த பெற்றோர் உண்டு. தமிழ்நாட்டில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் பள்ளி மீண்டும் திறந்தது.

பள்ளி திறந்தது. ஆனால், செல்போன் திரும்பிப் போகவில்லை! பாடம் படிக்க வந்தது, பேச்சுக்கும் விளையாட்டுக்கும் சிநேகிதத்துக்கும் ஆகிவிட்டது.

இதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாங்கிக் கொடுத்தவர்கள் பெரியவர்கள். எதற்கு, எவ்வளவு நேரம் என்று சொல்லாமல் கொடுத்தவர்களும் பெரியவர்களே.

செல்போனால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியுமா? முடியாது. துபாயில் வேலை செய்யும் தந்தையின் முகத்தைப் பிள்ளை வாட்ஸ்அப்பில்தான் பார்க்கிறது. வகுப்பில் புரியாத கணக்கை யூடியூபில் பார்த்துப் புரிந்துகொள்கிறது. கோலம், ஓவியம், பாட்டு, சிலம்பம் என்று எத்தனையோ கற்றுக்கொள்கிறது. ஆகவே, செல்போனை உடைப்பது வழியல்ல. வழிக்குக் கொண்டுவருவதே வழி.

சும்மா கிடைக்கிறதா?

இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கக் காசு கிடையாது. பேஸ்புக்குக்கும் கிடையாது. அப்படியானால், அந்தக் கம்பெனிகள் எதை வைத்துப் பிழைக்கின்றன?

விளம்பரத்தை வைத்துத்தான். ஒருவர் எவ்வளவு நேரம் பார்க்கிறாரோ, அவ்வளவுக்கு விளம்பரம் காட்டலாம். ஆகவே, வந்தவரை எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வதே அவர்களுடைய தொழில்.

ஜவுளிக்கடையில் நடப்பது எல்லாருக்கும் தெரியும். வந்தவர் கண் எந்தப் புடவையில் நிற்கிறது என்று கடைச் சிப்பந்தி கவனிப்பார். உடனே அதே மாதிரி பத்துப் புடவைகளை எடுத்துப் போடுவார். செல்போனும் இதைத்தான் செய்கிறது. பிள்ளை எந்தப் படத்தில் நின்றது, எதை முழுவதும் பார்த்தது, எதைத் தள்ளிவிட்டது என்று எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் கணக்கு வைக்கிறது. அதற்கேற்றாற்போல் அடுத்ததை எடுத்துப் போடுகிறது. சண்டைப் படத்தில் கண் நின்றால் மேலும் சண்டை. அழுகைப் படத்தில் கண் நின்றால் மேலும் அழுகை.

ஜவுளிக்கடையை இரவில் மூடுவார்கள். இந்தக் கடைக்கு மூடும் நேரமே இல்லை!

புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. சினிமாவுக்கு 'வணக்கம்' உண்டு. செல்போனில் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறதே, அந்த முறையை 2006ஆம் ஆண்டு அசா ராஸ்கின் என்ற அமெரிக்கர் உருவாக்கினார். அதை உருவாக்கியதற்காகப் பிற்காலத்தில் அவரே வருத்தம் தெரிவித்தார்.

"நிறுத்த முடியவில்லையே அம்மா" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதைத் திமிர் என்று நினைக்கக் கூடாது. நிறுத்த முடியாதபடிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. பெரியவர்களே தவிக்கும்போது, சின்னஞ்சிறு பிள்ளை என்ன செய்யும்?

இந்திய வம்சாவளியினரான டாக்டர் விவேக் மூர்த்தி, அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவராக இருந்தபோது, 2023ஆம் ஆண்டில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் இவற்றில் செலவிடும் வளரிளம் பிள்ளைகளுக்கு, மனச்சோர்வும் கவலையும் வரும் அபாயம் இரு மடங்கு என்று ஓர் ஆராய்ச்சியைச் சுட்டிக்காட்டினார். எல்லாப் பிள்ளைகளும் கெட்டுப்போவார்கள் என்று அவர் சொல்லவில்லை. ஆனால், இவை பிள்ளைகளுக்குப் பத்திரமானவை என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றார்.

வயதில் ஒரு பொய்

இன்ஸ்டாகிராம், பேஸ்புக், வாட்ஸ்அப் மூன்றிலும் கணக்குத் தொடங்க 13 வயது நிரம்பியிருக்க வேண்டும். இந்த 13 எங்கிருந்து வந்தது? 1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சட்டம் செய்தார்கள். 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் விவரங்களைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் இண்டர்நெட்டில் வாங்கக் கூடாது என்பது சட்டம். அதனால் கம்பெனிகள் 13 என்று கோடு போட்டன.

பத்து வயதுப் பிள்ளை என்ன செய்கிறது? பிறந்த வருஷத்தை மாற்றிப் போடுகிறது. சில வீடுகளில் தந்தையே போட்டுக் கொடுக்கிறார். "ஒரு நம்பர்தானே, என்ன வந்துவிடும்?" என்கிறார்.

அது வெறும் நம்பர் அல்ல. வீட்டுக் கதவின் தாழ்ப்பாள்!

2024ஆம் ஆண்டு முதல் இன்ஸ்டாகிராம், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தது. இந்தியாவுக்கு அது 2025ஆம் ஆண்டில் வந்தது. அந்தக் கணக்கில் பிள்ளையின் படங்களைக் கண்டவர்கள் பார்க்க முடியாது. பிள்ளை ஏற்றுக்கொள்ளாத அந்நியர் சேதி அனுப்ப முடியாது. ஒரு நாளில் 60 நிமிஷம் ஆனதும் "போதும்" என்று நினைவூட்டும். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளை இந்தக் காவலைத் தளர்த்த வேண்டுமானால், பெற்றோர் அனுமதி வேண்டும்.

பிறந்த வருஷத்தில் பொய் சொன்ன பிள்ளைக்கு இந்தக் காவல் கிடைக்காமல் போகலாம். பத்து வயதுக் குழந்தை, 20 வயது ஆளாக அந்தத் தெருவில் நிற்கும். பெரியவர்களுக்குக் காட்டுவதெல்லாம் அதற்கும் காட்டப்படும். தாயின் கணக்கிலேயே பிள்ளை பார்த்தாலும் இதே கதைதான்.

ஆகவே, பெற்றோர் செய்ய வேண்டிய முதல் வேலை, பிள்ளையின் கணக்கில் இருக்கும் பிறந்த வருஷத்தைப் பார்ப்பது. தப்பாக இருந்தால் திருத்துவது. 13 ஆகாத பிள்ளைக்குக் கணக்கே வேண்டாம் என்று சொல்வது.

இரண்டு தவறுகள்

கண்காணிப்பதில் பெற்றோர் செய்யும் தவறுகள் இரண்டு.

"என் பிள்ளை தங்கம். தப்பே செய்யாது" என்று கண்ணை மூடிக்கொள்வது ஒன்று. பிள்ளை தங்கமாகவே இருக்கட்டும். தங்கத்துக்குத்தானே திருடன் வருகிறான்?

மற்றொன்று இதற்கு நேர்மாறானது. பிள்ளை தூங்கும்போது செல்போனைத் திருட்டுத்தனமாக எடுத்துப் பார்ப்பது. ஒரு சேதியைப் பார்த்துவிட்டுப் பாதி ராத்திரியில் எழுப்பி அடிப்பது. செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வது. பெண் பிள்ளையாக இருந்தால், "படித்தது போதும்" என்று பள்ளிக்கூடத்தையே நிறுத்துவது.

இதனால் என்ன நடக்கிறது? பிள்ளை திருந்துவதில்லை. மறைக்கக் கற்றுக்கொள்கிறது. வேறு பெயரில் இன்னொரு கணக்குத் தொடங்குகிறது. சிநேகிதியின் செல்போனில் பார்க்கிறது. அம்மாவுக்குத் தெரிந்த கணக்கு ஒன்று. தெரியாத கணக்கு ஒன்று.

கண்காணிப்பது என்றால் ஒளிந்திருந்து பார்ப்பது அல்ல. பக்கத்தில் இருந்து பார்ப்பது. "உன் செல்போனை நான் அவ்வப்போது பார்ப்பேன். உனக்குத் தெரிந்துதான் பார்ப்பேன்" என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பிள்ளை வளர வளரப் பார்ப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பத்து வயதில் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைக்கிறோம். பதினாறில் பக்கத்தில் நடந்தால் போதும். 'தோளுக்கு மிஞ்சினால் தோழன்' என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

மிரட்டுகிறவனின் முதல்

இந்தத் தெருவில் நடக்கும் கொடுமைகளில் பெரியது மிரட்டல்தான். அது எப்படி நடக்கிறது?

ஒருவன் பொய்ப் பெயரில், பொய்ப் படத்தோடு வருகிறான். சில சமயம் பெண் பெயரில் வருகிறான். "உன் படம் அழகாக இருக்கிறது" என்று தொடங்குகிறான். வாரக்கணக்கில் இனிக்க இனிக்கப் பேசுகிறான். வீட்டில் திட்டு வாங்கிய அன்று ஆறுதல் சொல்கிறான். பிறகு ஒரு படம் கேட்கிறான். அனுப்பியதும் பேச்சு மாறுகிறது. "இன்னும் படம் அனுப்பு. இல்லாவிட்டால் பணம் அனுப்பு. மறுத்தால் இதை உன் அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன்" என்கிறான்.

படமே அனுப்பாத பிள்ளைக்கும் இந்தக் கதி வருவதுண்டு. பிறந்தநாளுக்குப் போட்ட படத்தை எடுத்து, கம்ப்யூட்டரில் அசிங்கமாக மாற்றிவிடுகிறார்கள். பெண் பிள்ளைக்கு மட்டும்தான் இந்த ஆபத்து என்று நினைப்பதும் தவறு. பையன்களையும் இப்படி மிரட்டுகிறார்கள். வெட்கத்தால் பையன்கள் வாயே திறப்பதில்லை.

மிரட்டுகிறவனிடம் இருக்கும் முதல் என்ன? அந்தப் படமா? இல்லை. பிள்ளையின் பயம்!

"அப்பாவுக்குத் தெரிந்தால் கொன்றுபோடுவார்" என்று பிள்ளை நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை வைத்துத்தான் அவன் வியாபாரம் செய்கிறான். தந்தையின் கோபம் திருடனுக்கு முதலாகிறது. "அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன்" என்று பிள்ளை சொல்ல முடிந்தால், அந்த நிமிஷமே அவன் முதல் போய்விடுகிறது.

ஆகவே, கண்காணிப்பின் உயிர்நாடி இதுதான். பிள்ளைக்கு ஒரு தொல்லை வந்தால், அது முதலில் ஓடிவர வேண்டிய இடம் தாயின் மடியாக இருக்க வேண்டும். பிள்ளை ஓடி ஒளிய வேண்டிய இடமாக வீடு இருக்கக் கூடாது.

"நீ என்ன தப்புச் செய்திருந்தாலும் என்னிடம் சொல். சொன்னதற்காக அடிக்க மாட்டேன். செல்போனைப் பிடுங்க மாட்டேன். பள்ளிக்கூடத்தை நிறுத்த மாட்டேன்." இந்த வாக்கைத் தொல்லை வருவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். சின்ன விஷயத்தில் ஒரு தடவை வாக்குத் தவறினால், பெரிய விஷயத்தில் பிள்ளை வராது.

படிக்காத தாய் என்ன செய்வாள்?

"நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். இங்கிலீஷ் தெரியாது. பிள்ளைக்குத் தெரிந்ததில் கால் பங்குகூட எனக்குத் தெரியாது. நான் எப்படிக் கண்காணிப்பேன்?" என்று பல தாய்மார்கள் மலைக்கிறார்கள்.

மலைக்க வேண்டாம். சமையல் தெரியாத தந்தைக்குப் பிள்ளை பட்டினி கிடப்பது தெரியாமல் போகுமா? முகத்தைப் பார்த்தாலே தெரியும். செல்போனும் அப்படித்தான்.

பிள்ளையின் தூக்கம் குறைந்திருக்கிறதா? சேதி வந்த சத்தம் கேட்டதும் முகம் மாறுகிறதா? யாராவது பக்கத்தில் வந்தால் செல்போனைக் கவிழ்த்து வைக்கிறதா? காரணமில்லாமல் பணம் கேட்கிறதா? பள்ளிக்குப் போக மறுக்கிறதா? கலகலப்பாக இருந்த பிள்ளை ஊமையாகிவிட்டதா? இதையெல்லாம் பார்க்க இங்கிலீஷ் வேண்டாம். தாயின் கண் போதும்.

இன்னொரு வழியும் உண்டு. பிள்ளையையே வாத்தியாராக வைத்துக்கொள்வது. "எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடு. இது யார்? இவரை உனக்கு எப்படித் தெரியும்? இந்தப் படத்தை யார் யார் பார்க்கலாம்?" என்று தினமும் ஒரு கால்மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும். பிள்ளைக்கும் பெருமை. தாய்க்கும் விஷயம் தெரியும். பதில் சொல்லும்போது குரல் எங்கே தடுமாறுகிறதோ, அங்கேதான் விஷயம் இருக்கிறது. அங்கே கோபப்படக் கூடாது. மெல்லக் கேட்க வேண்டும்.

ஓரளவு படித்த பெற்றோருக்குக் கருவிகளின் உதவியும் உண்டு. எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் போயிற்று என்று, இப்போதைய செல்போன்களின் செட்டிங்ஸ் பகுதியே காட்டும். கூகுள் கம்பெனியின் 'பேமிலி லிங்க்' மூலம், பிள்ளையின் செல்போனுக்கு நேர வரம்பு வைக்கலாம். இன்ஸ்டாகிராமில் பெற்றோரின் கணக்கைப் பிள்ளையின் கணக்கோடு இணைக்கலாம். பிள்ளை யாரோடு பேசுகிறது என்று அதில் தெரியும். என்ன பேசியது என்று தெரியாது. அதைப் பிள்ளையிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தக் கருவியும் பேச்சுக்கு ஈடாகாது.

வீட்டுக்கு ஐந்து விதிகள்

எல்லாரும் கூடி உட்கார்ந்து, பிள்ளையையும் கேட்டு, சில விதிகளைச் செய்துகொள்வது நல்லது.

1. இரவு 9 மணிக்கு மேல் எல்லாச் செல்போனும் கூடத்தில் ஓர் இடத்தில் இருக்க வேண்டும். படுக்கைக்குப் போகக் கூடாது. அப்பாவின் செல்போனும் சேர்த்துத்தான்.

2. சாப்பிடும்போது செல்போன் கூடாது. இது தாத்தா பாட்டிக்கும் பொருந்தும்.

3. நேரில் தெரியாதவரைச் சிநேகிதராக ஏற்றுக்கொள்ளக் கூடாது. கணக்கைப் பூட்டி வைக்க வேண்டும். அதாவது, தெரிந்தவர் மட்டும் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

4. பள்ளிச் சீருடை, பள்ளியின் பெயர், வீட்டு விலாசம், தினமும் போகும் டியூஷன் இடம் இவை தெரியும்படி படம் போடக் கூடாது. செல்போனில் வரும் ஓ.டி.பி. நம்பரை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

5. தொல்லை என்றால் உடனே வீட்டில் சொல்ல வேண்டும். சொன்னவருக்குத் தண்டனை இல்லை.

விதி பிள்ளைக்கு மட்டும் என்றால் நிலைக்காது. பிள்ளை பேச வரும்போது தந்தை செல்போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே, "ம், சொல்லு" என்றால், பிள்ளை சொல்வதை விட்டுவிடும். கேட்க ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைதான், கேட்பவனைத் தேடி வெளியே போகிறது.

பையனைப் பெற்றவர்களுக்கு

கண்காணிப்பு என்றாலே பெண்ணைக் காவல் காப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பையன் கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு, "அவன் ஆண் பிள்ளை, அவனுக்கு என்ன?" என்கிறார்கள்.

பெண்ணின் படத்தை அசிங்கப்படுத்துகிறவன் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அவனும் ஒரு வீட்டுப் பிள்ளை. வகுப்புத் தோழியின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சிரிப்பதும், கண்டவன் அனுப்பிய படத்தை நாலு பேருக்கு அனுப்புவதும் விளையாட்டல்ல. குற்றம் ஆகலாம். பையனிடம் இதைச் சொல்ல வேண்டியவர்கள் தாயும் தந்தையும்தான். "உன் தங்கை படமாக இருந்தால் அனுப்புவாயா?" என்று கேட்டு நிறுத்தக் கூடாது. "யார் படமாக இருந்தாலும் அனுப்பாதே" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

தவறு செய்த பையன் ஊர் சுற்றுகிறான். அவனால் பாதிக்கப்பட்ட பெண்ணின் படிப்பு நின்றுபோகிறது. இது எந்த ஊர் நியாயம்?

தொல்லை வந்துவிட்டால்

எத்தனை ஜாக்கிரதையாக இருந்தாலும் தொல்லை வரலாம். வந்தால் என்ன செய்வது?

முதலில், பிள்ளையைத் திட்டக் கூடாது. "சொன்னது நல்லதாயிற்று. நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் இந்த வார்த்தைதான் மருந்து.

மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மீண்டும் கேட்பான். அவன் அனுப்பிய சேதிகளை அழிக்கக் கூடாது. அவைதான் சாட்சி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, அவனைத் தடுத்துவிட வேண்டும். அந்த அசிங்கப் படத்தை உறவினருக்கு அனுப்பி யோசனை கேட்கவும் கூடாது.

1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது குழந்தைகளுக்கான உதவி எண். இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல் பேசலாம். பிள்ளையே கூடப் பேசலாம். பணத்தை ஏமாற்றி வாங்கிவிட்டால், உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் அந்தரங்கப் படம் இண்டர்நெட்டில் பரவாமல் தடுக்க, 'டேக் இட் டவுன்' என்ற இலவச ஏற்பாடு 2023ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. பெயரும் சொல்ல வேண்டியதில்லை. படத்துக்கு ஓர் அடையாள எண் உண்டாக்கப்படும். அந்த எண்ணைக் கொண்டு, இன்ஸ்டாகிராம், பேஸ்புக் போன்றவை படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

"போலீசுக்குப் போனால் மானம் போய்விடுமே!" என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் சட்டத்துக்கும் தெரியும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பிள்ளைகளுக்காகவே செய்யப்பட்டது. உண்மைப் படமானாலும் பொய்யாகச் செய்த படமானாலும், தவறான நோக்கத்தோடு அதைக் காட்டிப் பிள்ளையை மிரட்டுவது இந்தச் சட்டப்படி குற்றம். பிள்ளையின் பெயர், விலாசம், படம், பள்ளி எதையும் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்கும் போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. பிள்ளையின் வீட்டிலேயே வாக்குமூலம் வாங்கலாம். இரவில் பிள்ளையைப் போலீஸ் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இதையெல்லாம் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உரிமையோடு கேட்க வேண்டும்.

பாரம் யார் தலையில்?

எல்லாப் பாரத்தையும் பெற்றோர் தலையில் ஏற்றுவதும் நியாயமல்ல. பகலெல்லாம் உழைத்து வரும் ஒரு தாய், உலகத்தின் பெரிய கம்பெனிகளோடு தனியாகப் போராட முடியுமா?

ஆஸ்திரேலியாவில் 2024ஆம் ஆண்டு ஒரு சட்டம் நிறைவேறியது. 16 வயதுக்கு உட்பட்டவர்கள் இன்ஸ்டாகிராம், பேஸ்புக் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்காதபடி கம்பெனிகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தச் சட்டம். 2025 டிசம்பர் 10ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. மீறினால் கம்பெனிக்கு 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம் உண்டு. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அபராதம் இல்லை. பொறுப்பு யாருடையது என்பதை அந்தச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு தனிநபர் விவரங்களைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்று செய்யப்பட்டது. 18 வயதுக்கு உட்பட்டவரின் விவரங்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கம்பெனிகள் எடுக்கக் கூடாது; பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கவனித்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது சட்டம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. அரசு அதை உறுதியாக நடத்த வேண்டும். பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது, மார்க்கைப் பற்றிப் பேசுவதோடு செல்போனைப் பற்றியும் பேச வேண்டும். எதையும் தமிழில், எளிய வார்த்தைகளில் சொல்ல வேண்டும். படிக்காத பெற்றோருக்கும் புரியும்படி சொல்ல வேண்டும்.

அது எல்லாம் நடக்கும் வரை வீடு காத்திருக்க முடியாது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்.

இரவு மணி 10. வாசல் கதவைத் தாழிட்டாயிற்று. வீட்டுச் செல்போன்கள் எல்லாம் கூடத்து அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. படுக்கப் போன பிள்ளை திரும்பி வருகிறது.

"அம்மா, யாரோ ஒருவர் எனக்குச் சேதி அனுப்புகிறார். யார் என்றே தெரியவில்லை. பயமாக இருக்கிறது."

தாய் எழுந்து உட்காருகிறாள். "வா, இப்படி உட்கார். என்ன என்று பார்ப்போம்" என்கிறாள்.

அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பயமில்லை.